ஒப்புக்கொண்டவள்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு குவளை உருண்டு விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெறும் தண்ணீர்க் குவளை. உடையக்கூட இல்லை. ஆனால் அது விழுந்ததும் அண்ணி, மகள் பட்டாணி, மகன் சின்னவன் மூன்று பேரில் ஒருவர்கூடக் குவளையைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து, அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். விருந்துக்குப் போயிருந்த தங்கை லென்ஸ் டீச்சருக்கு அப்புறம் ஒரு வாய் இறங்கவில்லை.

"சும்மா மனசைக் குழப்பிக்காதே. உங்க அண்ணன் கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான்" என்றார் கணவர், திரும்பி வரும்போது. ரொட்டிக்கடை வைத்திருக்கிற மனிதர். எதுவானாலும் கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

டீச்சரும் சரியென்று தலையாட்டினாள். அண்ணனைப் பற்றி வேறு மாதிரி யோசித்து அவளுக்குப் பழக்கமில்லை. அப்பா போன பிறகு தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனவர் அவர். தங்கை கல்லூரிக்குப் போனது அந்தச் சம்பளத்தில். இன்றைக்கு அந்தக் கடைக்கே முதலாளி. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தேடுவது அவரைத்தான்.

இப்படியாக, பார்த்ததைப் பார்க்காததாக ஆக்கிக்கொண்டுதான் டீச்சர் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்தாள்.

முதல் மணி அடிப்பதற்கு முன்பே பட்டாணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அண்ணன் மகள். ஏழாம் வகுப்பு. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாளாம். அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்துக் கொஞ்சினார்.

"மிஸ், பை வார் அறுந்துடுச்சு."

மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே மிஸ், வெளியே அத்தை. சலுகை காட்டுகிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று டீச்சரே போட்ட சட்டம்.

"குடு, தைச்சுத் தர்றேன். ஐயோ, என்ன இப்படிக் கனக்குது? பாறாங்கல்லு எதுவும் வெச்சிருக்கியா?"

"அம்மா ஏதோ வெச்சாங்க மிஸ். பள்ளிக்கூடத்துல திறக்க வேணாம்னு சொன்னாங்க."

"சரி, உக்காரு. மேசையில கால் ஆட்டாதே."

டீச்சர் தடித்த ஊசியில் நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள். மூக்கில் கனமான கண்ணாடி, அதற்கு மேல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு பார்வை. லென்ஸ் மிஸ் என்று பிள்ளைகள் சும்மா பேர் வைக்கவில்லை. பட்டாணி பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் மணி அடித்து, அவள் வகுப்பு ஆய்வகத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம். ஆய்வகத்திலிருந்து, சளாரென்று கண்ணாடி உடையும் சத்தம். இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டார்கள்.

பட்டாணி நூல்கண்டை மேசையில் வைத்தாள். எழுந்தாள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல நேராக நடந்து போனாள்.

"ஏய், எங்க போறே? இன்னும் முடியல!"

ஊசியும் கையுமாக டீச்சர் பின்னாலேயே ஓடினாள். ஆய்வகத்தில் தராசுப் பெட்டியின் கண்ணாடிக் கதவு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் சுவரோடு ஒட்டி நின்றது. ஹெச்.எம். ஏற்கெனவே வந்துவிட்டார்.

"யாரு?" என்றார்.

பதில் இல்லை. ஹெச்.எம்.முக்குக் கோபமும் இல்லை. அவருக்குப் பிடித்த கட்டம் இது. அவர் தானே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தப்புச் செய்த பிள்ளை அதைத் தானே ஒத்துக்கொண்டால் தண்டனை கிடையாது. சட்டையில் ஒரு நீல நட்சத்திரம் குத்திவிடுவார். கையோடு ஆபீஸிலிருந்து அப்பாவுக்கு ஒரு பாராட்டு போனும் போகும். அதற்காகச் சட்டைப் பையில் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டேதான் நடமாடுவார்.

"நான்தான் சார்" என்றாள் பட்டாணி.

பின்வரிசையில் ஒட்டகம் என்று பேர் வாங்கிய நெட்டைப் பையன் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். உடைத்த கை யாருடையது என்பது அந்த வாயிலேயே தெரிந்தது. ஹெச்.எம். அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர், உங்க வீட்டு ரத்தம்! சட்டையில இடம் இருக்காம்மா? போற போக்குல நீ ஆகாயமே ஆயிடுவே போலிருக்கு!"

வகுப்பு சிரித்தது. பட்டாணியும் சிரித்தாள். டீச்சர் மட்டும் ஊசியைப் பிடித்தபடி நின்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். நூல்கண்டு அவள் கையில் இருந்தது. இவள் எப்படி உடைத்திருக்க முடியும்?

*

ஆய்வகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற இடம். டீச்சர் அங்கே பட்டாணியை அழைத்துக்கொண்டு போனாள். கேள்வி கேட்கிற மாதிரி இருக்க வேண்டாமென்று கையில் ஒரு துணியைக் கொடுத்தாள். இவள் கழுவ, அவள் துடைத்தாள்.

"நீ என் பக்கத்துல இருந்தே."

"ஆமா மிஸ்."

"அப்போ நீ உடைக்கல."

"இல்ல மிஸ்."

"அப்புறம் ஏன் நான்தான்னு சொன்னே?"

பட்டாணி ஒரு குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் துடைத்தாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்ல. யாரு யாருன்னு தேடும்போதுதான் ரொம்ப நேரம் ஆகுது."

"இங்க யாரு அப்படித் தேடுறாங்க? ஹெச்.எம். சார் அடிக்கவா போறாரு?"

"இங்க இல்ல."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடுமோ என்று ஒரு பயம்.

பட்டாணி தலையைத் தூக்கினாள். "இப்ப நீங்க மிஸ்ஸா, அத்தையா?"

 மிஸ் என்றால் ஒன்று, அத்தை என்றால் இன்னொன்று. சட்டம் போட்டவள் இவளேதான்.

"ரெண்டும்தான்மா. ஒரே ஆள்தான்."

பட்டாணி குடுவையைக் கீழே வைத்தாள். பிறகு கடைக்குப் போய்வந்த கதை சொல்வது போலச் சொன்னாள். "அப்பா கைக்குட்டையை மடிச்சாருன்னா யாராவது சொல்லணும் அத்தை. அம்மா சொன்னா கோவம் இன்னும் ஏறிடும். சின்னவனுக்குச் சொல்லவே தெரியாது, திக்குவான். அதனால நான் சொல்லிடுவேன். அப்புறம் அப்பாவே மருந்து போட்டு விடுவாரு. நம்ம கடையிலேயே நல்ல மருந்து இருக்கு. சீக்கிரமா மறைஞ்சிடும்."

டீச்சர் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னதை நான் நம்புறேன். ஒண்ணு கேளு. எதுவும் உன் தப்பு இல்ல. உடைச்சாலும் உன் தப்பு இல்ல, உடைக்காட்டியும் உன் தப்பு இல்ல."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை."

இதோ, வந்துவிட்டது. 'சொல்ல மாட்டேன், கண்ணு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை முகம் தெளிந்துவிடும். அண்ணனும் அண்ணனாகவே இருப்பார்.

"அப்படி வாக்கு கொடுக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். "கொடுத்தா அது பொய் வாக்கு ஆயிடும். ஆனா யார்கிட்டப் போறேன், என்ன சொல்லப் போறேன்னு ஒவ்வொண்ணையும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன். உனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

பட்டாணி அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆபீஸ்ல இருந்து போன் போயிருக்கும்ல?"

"என்ன போன்?"

"ஸ்டார் போன். கடையில எல்லார் முன்னாடியும் அப்பா சிரிச்சிக்கிட்டே பேசுவாரு. எங்க பொண்ணு பொய்யே சொல்ல மாட்டான்னு சொல்வாரு. வீட்டுக்கு வந்துதான், எதுக்குடி உடைச்சேன்னு கேப்பாரு."

நட்சத்திரம் வாங்கிய ஒவ்வொரு நாளும். டீச்சர் அந்த நீல நட்சத்திரத்தைப் பார்த்தாள். போன மாதம் இதே போல ஒன்றை அண்ணனிடம் பெருமையாகச் சொன்னவர்களில் இவளும் ஒருத்தி.

*

பள்ளிக்கூடத்து ஆலோசகரைப் பிள்ளைகள் பீன்பேக் மேடம் என்பார்கள். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை; அதில் நாற்காலிக்குப் பதில் பீன்பேக் என்கிற பெரிய மெத்தை மூட்டை. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி ஒன்றை வாங்கினேன் என்பார். கை கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகு பிள்ளைகள் பேசுகிறார்களாம்.

பட்டாணியை அதில் உட்கார வைத்து, வண்ணப் பென்சில்களைக் கொடுத்துவிட்டு, மேடம் கதவுக்கு வெளியே வந்து நின்று டீச்சர் சொன்னதைக் கேட்டார். 

"இன்னும் எதுவும் துருவிக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. இனிமே கேக்க வேண்டியவங்க கேக்கட்டும். ஒரே கதையை அவ பத்து பேர்கிட்டச் சொல்லக் கூடாது. வாங்க, ஹெச்.எம்.கிட்ட."

ஹெச்.எம். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் சுமுகமாக முடிக்கிறவர்.

"மருந்துக்கடைக்காரரா? சீச்சீ, நம்பவே முடியலையே! ஒண்ணு பண்ணலாம். அவரைக் கூப்பிட்டு மனசு விட்டுப் பேசுவோம். பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசுறதுதானே நம்ம வழக்கம்?"

"இந்த விஷயத்துல அந்த வழக்கம் கூடாது சார்" என்றார் மேடம். "நீங்க பேசிட்டு அனுப்பிடுவீங்க. வீட்டுக்குப் போறது அவதானே."

"டீச்சர், நீங்களே அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை…"

"சார்" என்றாள் டீச்சர். "நட்சத்திரம் குத்தின நாளெல்லாம் நாம போன் பண்ணினோமே. அந்தந்த நாள் சாயங்காலம் அவ வீட்டுல என்ன நடந்ததுன்னு அவளே சொன்னா."

சொன்னாள், ஒன்று விடாமல். கேட்கக் கேட்க ஹெச்.எம். முகம் வெளிறியது. சட்டைப் பையிலிருந்து நட்சத்திரங்களை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் மேசை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"கிளார்க்!" என்று குரல் கொடுத்தார். "இன்னைக்கு அந்தப் போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்! ரொம்ப சந்தோஷப்பட்டாரு. நானே வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

 மேடம் உடனே போனை எடுத்தார். குழந்தைகள் நலப் பிரிவுக்குத்தான். எண்ணை அழுத்துவதற்கு முன் டீச்சரைப் பார்த்தார்.

"உங்க பேர் வெளியில வரணும்னு இல்ல. பள்ளிக்கூடம் சொன்னதா இருக்கட்டும். குடும்பத்துக்குள்ள உங்களுக்கு…"

"வேணாம்" என்றாள் டீச்சர். "என் பேரையே சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். நாளைக்கு அண்ணன் யாரு சொன்னதுன்னு தேடுவாரு. பதில் இல்லேன்னா என்ன ஆகும் தெரியுமா? அவ நான்தான்னு சொல்லிடுவா. அந்த இடத்துல நான் இருக்கணும்."

மேடம் எண்ணை அழுத்தினார்.

டீச்சர் வெளியே வந்து ரொட்டிக்கடைக்குப் போன் செய்தாள். அடுப்பு இரைச்சலுக்கு நடுவே கணவரின் குரல் கேட்டது.

"என்ன, மறுபடியும் டிபன் டப்பாவை மறந்துட்டியா?"

"ஏங்க, கடையை விட்டுட்டு உடனே வேனை எடுங்க. அண்ணன் வீட்டுக்குப் போங்க. அண்ணியையும் சின்னவனையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"என்ன காரணம்னு சொல்றது?"

"நேத்து ஒரு குவளை விழுந்துச்சே. அதுதான் காரணம்."

அந்தப் பக்கமிருந்து கிண்டல் எதுவும் வரவில்லை.

"மாவு பொங்கி வழியட்டும். கிளம்பிட்டேன்" என்றார்.

*

நலப் பிரிவிலிருந்து ஆள் வருவதற்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டார்.

தேய்த்த சட்டை, வாரிய தலை, முகத்தில் மருந்துக்கடைச் சிரிப்பு. முன்கூடத்தில் எதிரே வந்த பிள்ளைகளிடமெல்லாம், "என்ன, இருமல் நின்னுச்சா?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார். வாசலில் ஹெச்.எம்.மே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது.

"எங்க சார் எங்க வீட்டு அரிச்சந்திரன்? கண்ணாடி உடைச்சாளாமே. நானே மன்னிப்புக் கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"உக்காருங்க" என்றார் ஹெச்.எம். குரல் கொஞ்சம் கம்மியது. ஆனாலும் நிற்கவில்லை. "பொண்ணு இன்னைக்கு உங்ககூட வர மாட்டா. குழந்தைகள் நலப் பிரிவுல இருந்து வந்துக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டப் பேசிக்கோங்க."

அண்ணன் உட்காரவில்லை. சிரிப்பும் போகவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார்.

"யாரு சொன்னது?" என்றார் மெதுவாக.

 விளையாட்டுச் சாமான் அறைப் பக்கம் ஒரு கதவு திறந்தது. "கண்ணு, இரும்மா" என்று மேடம் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்டது. பட்டாணி வெளியே வந்துகொண்டிருந்தாள். காலையில் ஆய்வகத்துக்குப் போன அதே நடை. யாரோ கூப்பிட்டது போல. கையில் ஒரு பச்சைப் பென்சில் வேறு.

அவள் வாயைத் திறந்தாள். "நா…"

"நான்தான்" என்றாள் டீச்சர்.

இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். பட்டாணிக்கு அத்தையின் முதுகு மட்டுமே தெரிகிற மாதிரி.

"நான்தான் சொன்னேன் அண்ணா. அவ இல்ல. அண்ணி இல்ல. நான்."

அண்ணன் அவளையே பார்த்தார். முகத்தில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"நீயா? உன்னைப் படிக்க வெச்சு ஆளாக்கினேனே, எனக்கு எதிராவே திரும்பிட்டியா?"

"நீ செஞ்சது எதையும் நான் மறக்கல. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக அவளை உன்கூட அனுப்ப முடியாது."

"சின்னதா ரெண்டு தட்டு தட்டினா அது ஒரு குத்தமா? நம்ம அப்பா நம்மளைத் தட்டலையா?"

"தட்டினாரு. நீ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவே. நான்தான் உன் பக்கத்துல இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

அண்ணனின் கை கைக்குட்டையோடு அப்படியே நின்றது.  அது கொஞ்ச நேரம்தான். பிறகு முகம் பழையபடி இறுகிக்கொண்டது.

"இனிமே என் வீட்டுப் படி ஏறாதே."

"சரி அண்ணா."

"எனக்குத் தங்கச்சியே கிடையாது."

 என்ன சொன்னாலும் காலை மட்டும் நகர்த்தக் கூடாது என்று டீச்சர் நின்றாள். நகரவில்லை. அண்ணன் திரும்பி விறுவிறுவென்று வெளியே போனார். ஹெச்.எம். எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதன் பிறகுதான் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் திரும்பி, பட்டாணிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"அத்தை" என்றாள் பட்டாணி, அதிசயத்தைப் பார்த்தவள் போல. "நீங்க ஏன் சொன்னீங்க?"

"ஏன்னா நான்தானே சொன்னேன். செஞ்சவங்கதான் ஒத்துக்கணும். இனிமே அதுதான் சட்டம்."

கையிலிருந்த போன் அடித்தது. ரொட்டிக்காரர்தான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"வீடு பூட்டிக் கிடக்கு! அண்ணியும் இல்ல, சின்னவனும் இல்ல. பக்கத்து வீட்டுல கேட்டேன். காலையிலேயே ஒரு பெட்டியும் கையுமா சின்னவனைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியல. என்னம்மா இது?"

டீச்சருக்குச் சட்டென்று அந்தப் பையின் கனம் ஞாபகம் வந்தது.

ஆசிரியர் அறையில், பாதி தைத்த வாரோடு பை அப்படியே கிடந்தது. "திறக்கட்டுமா?" என்று கேட்டாள். பட்டாணி தலையாட்டினாள். புத்தகங்களுக்கு அடியில் இரண்டு செட் துணி. ஒரு சீப்பு. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பல் துலக்கும் பிரஷ்.

"அம்மா காலையில என்ன சொன்னாங்க?"

"சாயங்காலம் அப்பாவுக்காக நிக்காதே, அத்தைகூடவே போயிடுன்னாங்க. அத்தை வேணாம்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். அத்தை அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் இவள் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தாளே, அண்ணி அதையும் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும் இவளை நம்பித்தான் பெண்ணை அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா, கண்ணு?"

பட்டாணி ஜன்னலுக்குப் போனாள். வெளியே தெருவின் எதிர்ப்பக்கம் மரத்தடியில் அண்ணனின் கார் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஓடவில்லை. உள்ளே ஆள் இருந்தது.

காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண், செய்யாததையும் செய்தேன் என்று சொல்கிற பெண், திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அத்தையை நேராகப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "ஆனா அந்த வண்டி அங்க நிக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன். உங்ககிட்டக்கூட."